காங்ககீ மேலோ: ஒரு காட்டு ஹாலிஹாக்கை அடையாளம் கண்டு வளர்க்கும் முறை

சிகாகோவிலிருந்து தெற்கே 60 மைல் போனால் காங்ககீ ஆறு. அந்த ஆற்றுக்கு நடுவில் லாங்கம் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. 1872-ல் எல்ஸ்வொர்த் ஜெரோம் ஹில் என்ற தாவர ஆர்வலர் அங்கே ஆளுயரத்தில் வெளிர் ரோஜா நிறப் பூக்களோடு நின்ற ஒரு செடியைப் பார்த்தார். அதன் நெருங்கிய சொந்தங்கள் அநேகமாக எல்லாமே ஆயிரம் மைலுக்கு மேற்கே, ராக்கி மலைப் பக்கம் வளர்பவை. 1906-ல் எட்வர்ட் லீ கிரீன் அதற்கு இலியாம்னா ரிமோட்டா என்று பெயர் வைத்தார். ரிமோட்டா என்றால் தொலைவில் இருப்பது. ஊர்க்காரர்கள் அதைக் காங்ககீ மேலோ என்கிறார்கள். காட்டு ஹாலிஹாக் என்றும் சொல்வதுண்டு. அதன் இயற்கையான இருப்பிடம் என்று உறுதியாகச் சொல்லப்படுவது அந்த ஒரு தீவுதான்.

எங்கள் வீடு சிகாகோவின் தென்மேற்குப் புறநகரில் இருக்கிறது. கொல்லையில் இப்போது ஐந்து செடிகள் நிற்கின்றன. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு நாள் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம துத்தி ஜாதியில்ல?" என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னார். துத்தி, வெண்டை, பருத்தி, செம்பருத்தி, பூவரசு, புளிச்சகீரை எல்லாம் இருக்கும் அதே குடும்பம்தான் இதுவும். வெண்டைப்பூவை ஒரு முறை உற்றுப் பார்த்தவருக்கு இந்தச் செடியைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி.

இல்லினாய், இண்டியானா, விஸ்கான்சின் பக்கம் வீடும் கொஞ்சம் வெயில் விழும் மண்ணும் உள்ள தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு காரியங்கள் இருக்கின்றன: கையில் இருப்பது உண்மையிலேயே இந்தச் செடிதானா என்று தெரிந்துகொள்வது, அப்புறம் அதை முளைக்க வைப்பது. வளர்ந்த பிறகு அது அதிகம் தொந்தரவு தராது.

முதலில் அடையாளம்

இதைத் தொடக்கத்திலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் 'காட்டு ஹாலிஹாக்' என்று எழுதியிருந்த ஒரு விதைப் பொட்டலம் வாங்கினேன். இரண்டு வருடம் பாலூட்டி வளர்த்த மாதிரி வளர்த்தேன். பூத்தபோது அடர் சிவப்பு. அது எல்லார் வேலியோரமும் நிற்கும் சாதாரணத் தோட்டத்து ஹாலிஹாக், அல்சியா. அழகான செடிதான், ஆனால் நான் தேடியது அதுவல்ல. இரண்டு வருடம் போனது போனதுதான். அதனால் செடி சின்னதாக இருக்கும்போதே பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

இலையிலிருந்து தொடங்கலாம். தோட்டத்து ஹாலிஹாக்கின் அடியிலைகள் வட்டமாக, சுருக்கம் சுருக்கமாக, தடிப்பாக இருக்கும். மடல்கள் ஆழமில்லாதவை. காங்ககீ மேலோவின் இலை மேப்பிள் இலை போல இருக்கும்: ஐந்து முதல் ஏழு மடல், ஒவ்வொன்றும் கூராக முடியும், ஓரத்தில் பல் பல்லாக வெட்டு. நன்றாக வளர்ந்த செடியில் இலை ஒரு கை விரித்த அகலம், 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வரும். தண்டிலும் இலையடியிலும் மென்மையான முடி இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முடியும் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலப் பிரிந்திருப்பது தெரியும். இந்த நட்சத்திர முடி குடும்பம் முழுவதற்கும் பொதுவானது. துத்தி இலையின் வெல்வெட் தன்மையும் இதனால்தான். ஆகவே முடியை வைத்துக் குடும்பத்தைச் சொல்லலாமே தவிர இனத்தைச் சொல்ல முடியாது.

செடியின் நிற்கும் விதமும் உதவும். ஹாலிஹாக் ஒரே கம்பாக நேராக எழும்பி, பூக்கள் கம்பை ஒட்டியே வரிசையாகப் பூக்கும். காங்ககீ மேலோ அடியிலிருந்து பல தண்டுகள் விட்டுப் புதராக நிற்கும். உயரம் ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை.

பூ வந்தால் வேலை சுலபம். ஜூலை, ஆகஸ்டில் பூக்கும். ஐந்து இதழ், 5 முதல் 7 சென்டிமீட்டர் அகலம், நிறம் வெளிர் ரோஜா அல்லது அதில் லேசாக ஊதா கலந்தது. சிவப்பு, மஞ்சள், கருஞ்சிவப்பு, அடுக்கு இதழ் எதுவாக இருந்தாலும் அது வேறு செடி. நடுவில் கேசரங்கள் எல்லாம் ஒட்டி ஒரு தூண் போல நிற்கும், செம்பருத்தியில் பார்ப்பதுபோல, ஆனால் குட்டையாக. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய இனிப்பு வாசம் வரும்.

இப்போது பூவைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை. பச்சைப் புல்லிவட்டத்துக்கு வெளியே இன்னொரு சின்ன வட்டம் இருக்கும், புறப்புல்லி என்பார்கள். தோட்டத்து ஹாலிஹாக்கில் அது ஆறு முதல் ஒன்பது மடலாக, அடியில் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு குட்டிக் கிண்ணம் போல இருக்கும். காங்ககீ மேலோவில் மூன்றே மூன்று, மெலிந்து, தனித்தனியாக நிற்கும். இதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான மால்வாவிலும் மூன்றுதான் உண்டு, அங்கே குழப்பம் வரலாம். பொது மால்வாவின் இதழில் அடர்நிறக் கோடுகள் ஓடும், இதழ் நுனி நடுவில் பிளந்திருக்கும். அதோடு பூவின் நடுவில் மகரந்தம் வந்து ஒட்டும் நுனியான சூலகமுடியையும் பாருங்கள்: மால்வாவிலும் ஹாலிஹாக்கிலும் அது நூல் போல இருக்கும், இலியாம்னாவில் குண்டூசித் தலை போல முடியும்.

காயிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஹாலிஹாக் காய் காய்ந்தால் தட்டையான சில்லுகளை வட்டமாக அடுக்கிய மாதிரி இருக்கும், ஒவ்வொரு சில்லும் ஒரு விதையோடு முழுசாகக் கழன்று விழும். காங்ககீ மேலோவிலும் அதே வட்ட அமைப்புதான், ஆனால் ஒவ்வொரு அறையிலும் இரண்டு முதல் நான்கு விதை வரை இருக்கும். அறை முதுகுப்பக்கம் வெடித்து விதைகள் உதிரும்.

இல்லினாயில் குழப்பக்கூடிய இன்னும் மூன்று செடிகளைச் சொல்லிவிடுகிறேன். சோள வயல் ஓரத்தில் இதய வடிவ இலையும் மஞ்சள் பூவுமாக நிற்பது வெல்வெட்லீஃப். அது நம் துத்தியின் நேரடி உறவு, அதே அபுட்டிலான் பேரினம், இங்கே பெரிய களை. அதற்குப் புறப்புல்லியே கிடையாது. ஈரமான ஆற்றோரத்தில் ஆழமாகப் பிளந்த பெரிய இலையும் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூவுமாக வளர்வது கிளேடு மேலோ. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. சதுப்பில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும் ரோஸ் மேலோ செம்பருத்தி இனம், அதன் காய் ஐந்தறை உள்ள ஒரே உருண்டை.

உண்மையிலேயே கடினமான இடம் இலியாம்னாவுக்குள்தான். ராக்கி மலைப் பகுதியின் இலியாம்னா ரிவுலாரிஸ் பார்வைக்கு ஏறத்தாழ இதே செடி, அதையும் காட்டு ஹாலிஹாக் என்றுதான் விற்கிறார்கள். விர்ஜீனியாவில் பீட்டர்ஸ் மலையில் இலியாம்னா கோரேயி என்று இன்னொன்று உண்டு. அது மத்திய அரசின் அழிநிலைப் பட்டியலில் இருப்பதால் தோட்டத்துக்குக் கிடைக்கும் பேச்சுக்கே இடமில்லை. ரிமோட்டாவையும் ரிவுலாரிஸையும் ஒரு பூவையும் இரண்டு இலையையும் வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். விதை எந்த இடத்துச் செடியிலிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் போதும், அதுதான் சான்று.

விதை எங்கிருந்து

தீவிலிருந்து மட்டும் வேண்டாம். லாங்கம் தீவு பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பிடம், செடியும் இல்லினாயின் அழிநிலைப் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒரு காயைக் கிள்ளுவதுகூடச் சட்டப்படி குற்றம். உள்நாட்டுச் செடிகளை மட்டும் வளர்க்கும் நர்சரிகளில் வளர்ப்புச் செடியிலிருந்து எடுத்த விதையும் நாற்றும் கிடைக்கின்றன. வாங்கும்போது அறிவியல் பெயரைக் கேளுங்கள், பொட்டலத்தில் அது இல்லையென்றால் வாங்காதீர்கள். விதையின் மூலம் இல்லினாய்தானா என்றும் கேளுங்கள். நல்ல நர்சரிக்காரர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

வெந்நீர் வைத்தியம்

இந்த விதையை அப்படியே மண்ணில் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. விதையில் உயிர் இருக்கும், ஆனால் தோல் தண்ணீரை உள்ளே விடாது. மூடியில் ஒரு சின்னத் தக்கை வைத்து அடைத்த மாதிரி. சூடு பட்டால்தான் அந்தத் தக்கை விரிசல் விட்டுத் தண்ணீருக்கு வழி திறக்கும்.

அந்தச் சூட்டைக் காட்டில் கொடுத்தது தீ. பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புல்வெளிகளுக்குத் தீ வைத்துப் பராமரித்த நிலம் இது. தீ நின்ற பிறகு தீவில் ஹனிசக்கிள் புதர் மண்டி நிழல் கட்டியது, மான்களும் மேய்ந்தன. 2014-ல் தாவர ஆர்வலர்கள் தீவுக்குப் போனபோது ஒரு மேலோ செடிகூடக் கண்ணில் படவில்லை. புதர்களை வெட்டிக் குவித்து எரித்தார்கள். அடுத்த வருடம், எரித்த இடங்களில் நாற்றுகள் எழும்பின! அத்தனை காலமும் விதைகள் மண்ணுக்குள் காத்திருந்திருக்கின்றன. பீட்டர்ஸ் மலையிலும் கதை இதுதான். 1927-ல் ஏர்ல் கோர் கண்டபோது சுமார் 50 செடி இருந்த இடத்தில், 1980-களில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. 1990-களில் திட்டமிட்டுத் தீ வைத்த பிறகே புது முளைகள் வந்தன. நான் அடுப்படியில் வெந்நீர் வைக்கும் ஒவ்வொரு முறையும் இது நினைவுக்கு வருகிறது.

செய்முறை இவ்வளவுதான். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதல் வாரத்திலோ செய்யுங்கள்.

விதைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். எது தவறினாலும் அது கையில் இருக்கும்.

ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து அடுப்பை அணையுங்கள். விதைகளை டீ வடிகட்டியில் போட்டு அந்த நீரில் 10 வினாடி முக்கி எடுங்கள். மனதுக்குள் பத்து எண்ணினால் போதும். அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கும் நீரில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் விதை வெந்துவிடும்.

உடனே சாதாரணத் தண்ணீருள்ள கிண்ணத்தில் கொட்டி இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் இரண்டு மடங்காக ஊதியிருக்கும், ஊறவைத்த பயறு மாதிரி. அவை தயார். ஊதாமல் கெட்டியாகவே கிடப்பவற்றுக்கு மறுபடி ஒரு முறை வெந்நீர் முக்கு. அதற்கும் அசையாதவற்றை இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவில் வைத்து லேசாகத் தேய்த்து, திரும்ப ஊறப்போடலாம். தோல் மங்கினால் போதும், உள்ளே வெள்ளை தெரியும்வரை தேய்க்கக் கூடாது.

ஊதிய விதையை அன்றைக்கே விதையுங்கள். ஒரு நாள் காய விட்டாலும் போச்சு.

நாற்று

ஆழமான தொட்டி வேண்டும், குறைந்தது 10 சென்டிமீட்டர். இந்தச் செடி முதலில் வேரைத்தான் கீழே இறக்கும், அப்புறம்தான் இலையைக் கவனிக்கும். ஆழமில்லாத தட்டில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் வேர் அறுந்து செடி பல வாரம் திகைத்து நிற்கும். கடையில் கிடைக்கும் விதைப்பு மண்ணோடு கால் பங்கு பெர்லைட் கலந்தால் நீர் தேங்காது. விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மூடுங்கள். 20 டிகிரி செல்சியஸ் சுற்றி இருக்கும் அறை போதும். நல்ல வெளிச்சம் வேண்டும், இந்த ஊர் மார்ச் மாத ஜன்னல் வெயில் போதாது. ஒரு சாதாரண எல்ஈடி விளக்கைத் தொட்டிக்குக் கொஞ்சம் மேலே தொங்க விட்டிருக்கிறேன்.

ஊதிய விதை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். முதல் இரண்டு இலைகள் வெண்டை நாற்று போலவே இருக்கும், மூன்றாவது நான்காவது இலையில்தான் மடல் வரத் தொடங்கும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். தினம் தினம் ஊற்றினால் தண்டின் அடி அழுகிச் சாய்ந்துவிடும்.

மே மாதம் நடுவில், உறைபனி பயம் போன பிறகு வெளியே கொண்டுபோகலாம். அதற்கு முன் ஒரு வாரம் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும்.

இடம்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். அரை நிழலில் செத்துவிடாது, ஆனால் தண்டு நீண்டு சாயும், பூ குறையும். மண் வளமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. தண்ணீர் வடிந்தால் சரி. எங்கள் மண் களிமண், அதில் மட்கு, பொடிச் சரளை இரண்டையும் கொஞ்சம் கலந்தேன், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. உரம் போடாதீர்கள், போட்டால் இலை கொழுத்துத் தண்டு காற்றில் மடங்கும்.

செடிக்குச் செடி 75 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்று ஓட வேண்டும், காரணம் கீழே வருகிறது. ஒரே ஒரு செடி நடாமல் வெவ்வேறு விதையிலிருந்து வந்த மூன்று செடிகளையாவது நடுங்கள், தேனீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தம் கொண்டுபோனால் காய் நன்றாகப் பிடிக்கும். ரிவுலாரிஸ் செடி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இதை அதே தோட்டத்தில் வைக்காதீர்கள். நெருங்கிய உறவுகள், கலந்துவிட வாய்ப்பிருக்கிறது. கலந்த விதை யாருக்கும் பயன்படாது.

முதல் வருடம், அப்புறம்

முதல் கோடையில் பெரும்பாலும் இலைதான். பூ வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம், இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ வரும். அந்த முதல் வருடம் மட்டும் மழையில்லாத வாரத்தில் ஒரு முறை ஆழமாக நீர் பாய்ச்சுங்கள். வேர் பிடித்த பிறகு கடும் வறட்சியில் தவிரத் தண்ணீர் கேட்காது.

முயல்தான் முதல் எதிரி. இளஞ்செடியை ஒரே இரவில் தரைமட்டமாக்கிவிடும். நடும் அன்றைக்கே 60 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோழிவலையை வட்டமாக வளைத்து, அடியைக் கொஞ்சம் மண்ணில் புதைத்துவிடுங்கள். மான் வரும் தெருவானால் வலை இன்னும் உயரமாக வேண்டும்.

ஜூன் கடைசியில் ஜப்பானிய வண்டுகள் வரும். பச்சையும் செம்புமாகப் பளபளக்கும் அவை இலையைச் சல்லடையாக்கும், பூவையும் தின்னும். மருந்து அடிக்காதீர்கள், அதே பூவில்தான் பம்பிள் தேனீயும் இருக்கிறது. அதிகாலையில் குளிர்ச்சிக்கு வண்டு மந்தமாக இருக்கும் நேரம், சோப்பு நீர் உள்ள டப்பாவை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டினால் தானாக உள்ளே விழும். காபி குடிக்கும் முன் பத்து நிமிட வேலை.

இலையடியில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் தெரிந்தால் அது ஹாலிஹாக் துரு என்னும் பூஞ்சை நோய். இடைவெளியும் காற்றும் கேட்டது இதற்காகத்தான். பாதித்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், மட்குக் குழியில் போட வேண்டாம். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் விடுங்கள். பக்கத்தில் தோட்டத்து ஹாலிஹாக் இருந்தால் நோய் அங்கிருந்து வரும். நான் அந்தச் சிவப்பு ஹாலிஹாக்கை ஒரு நண்பர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

குளிர்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்து நிற்கும். செடி செத்ததென்று பிடுங்கிவிடாதீர்கள், வேர்த்தலை மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது. காய்ந்த தண்டை வசந்தம் வரும்வரை விட்டு, பிறகு 40 சென்டிமீட்டர் நிறுத்தி வெட்டினால் சில சின்னத் தேனீக்கள் அந்தத் துளையில் கூடு வைக்கும். அடியில் மரத்தூளை மெத்தை போலக் கொட்டிவைக்காதீர்கள். ஈரம் கட்டி வேர்த்தலை அழுகும், அதோடு கீழே விழும் விதைக்கும் வெளிச்சமுள்ள வெறும் மண் வேண்டும்.

தீவில் தீ வைத்தார்களே, நாமும் கொல்லையில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. பெரும்பாலான ஊர்களில் திறந்தவெளியில் எரிப்பதற்கு அனுமதி இல்லை, மரவேலி வரிசையாக நிற்கும் இடத்தில் அது ஆபத்தும்கூட. நமக்கு வெந்நீர்ப் பாத்திரமே போதும்.

விதை எடுத்தல்

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுப்பாகும். எல்லாம் ஒரே நாளில் முற்றாது, ஆகவே மூன்று நாளைக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். அறைகள் வாய் திறக்கத் தொடங்கும் காயாகப் பார்த்து ஒரு காகிதப் பைக்குள் கிள்ளிப் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காய்மேல் இருக்கும் விறைத்த முடி விரலில் குத்தி இரண்டு நாள் அரிக்கும். பையை ஒரு வாரம் காய விட்டுக் குலுக்கினால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய விதைகள் அடியில் சேரும். ஓட்டை விழுந்த விதை பூச்சி தின்றது, அதை எடுத்து எறியுங்கள்.

மற்றதைக் கண்ணாடிச் சீசாவில் போட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். சீசாமேல் முழுப் பெயர், விதை முதலில் வாங்கிய இடம், எடுத்த வருடம் மூன்றையும் எழுதுங்கள். யாருக்காவது கொடுக்கும்போது அந்தச் சீட்டையும், வெந்நீர் எப்படி வைப்பது என்று இரண்டு வரியையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல் கொடுத்த என் முதல் பொட்டலங்கள் எதுவும் முளைக்கவில்லை. இந்த வருடம் சீட்டோடு கொடுத்த ஆறில் நான்கு வீடுகளிலிருந்து நாற்றின் படம் வந்திருக்கிறது.